ஒரே மைதானம், இரண்டு கணக்குகள்

2023 மார்ச் 12 அன்று காலை தைவானின் தைச்சுங் நகரத்து ரசிகர்கள் பட்டியலைப் பார்த்தபோது நிலைமை எளிமையாகத் தெரிந்தது. மதியம் கியூபாவை வென்றால் தைவான் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியின் காலிறுதிக்குப் போய்விடும். மூன்று வெற்றி, ஒரு தோல்வி என்று நிற்கும் அணியை அதற்குமேல் யாராலும் கீழே தள்ள முடியாது. ஆனால் கியூபா 7-1 என்று வென்றது. அன்று இரவு இத்தாலி நெதர்லாந்தை 7-1 என்று வென்றது. விடிந்தபோது காலிறுதி வாசலில் நின்றிருந்த அணி, படுக்கப் போகும் நேரத்தில் குழுவின் கடைசி இடத்தில் இருந்தது. அடுத்த உலகப் போட்டியில் ஆட வேண்டுமானால் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்ற நிலை.

அந்த ஐந்து அணிகளில் எதுவும் மற்றதைவிடக் கூடுதலாகத் தோற்கவில்லை. கியூபா, இத்தாலி, நெதர்லாந்து, பனாமா, தைவான் எல்லாமே இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. ஒரு குழு முழுவதும் ஒரே கோட்டில் வந்து நின்றது. அந்தக் கோட்டை உடைத்து முதலாவது முதல் ஐந்தாவது வரை வரிசைப்படுத்தியது ஒரு வகுத்தல் கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேறொரு கணக்கைப் போட்டிருந்தால், அதுவும் அதே மைதானத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட கணக்கையே போட்டிருந்தால், கடைசி இடத்தில் தைவான் இருந்திருக்காது.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2017 வரை இந்தப் போட்டியில் 16 அணிகள், குழுவுக்கு நான்கு. 2023இல் அது 20 ஆனது. நான்கு குழுக்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து அணிகள். தைச்சுங், டோக்கியோ, ஃபீனிக்ஸ், மயாமி ஆகிய நகரங்களில் லீக் சுற்று நடந்தது. குழுவுக்குள் ஒவ்வொரு அணியும் மற்ற நான்கையும் ஒருமுறை சந்திக்கும். முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும். கடைசி அணி அடுத்த போட்டிக்கான நேரடி இடத்தை இழக்கும். ஐந்து என்பது ஒற்றைப்படை எண் என்பதால் தினமும் ஓர் அணி சும்மா இருக்க வேண்டும். தைச்சுங்கில் இத்தாலிக்கு முதல் நாளும் பனாமாவுக்குக் கடைசி நாளும் ஓய்வு கிடைத்தன. ஆகவே அந்த இரண்டு அணிகளும் இடைவெளியே இல்லாமல் நான்கு நாள் தொடர்ந்து ஆடின.

'தைவான்' என்று நான் எழுதினாலும், சர்வதேச விளையாட்டில் அந்த அணி 'சீனத் தைபே' என்ற பெயரில்தான் களமிறங்குகிறது.

மார்ச் 8 அன்று நெதர்லாந்து கியூபாவை 4-2 என்று வென்றது. அன்றிரவு பனாமா, சொந்த மண்ணில் ஆடிய தைவானை 12-5 என்று அடித்து நொறுக்கியது. மறுநாள் நெதர்லாந்து பனாமாவை 3-1 என்றும், இத்தாலி கியூபாவைப் பத்து இன்னிங்ஸ் வரை இழுத்து 6-3 என்றும் வென்றன. யோவான் மொன்காடா, லூயிஸ் ராபர்ட் போன்ற அமெரிக்க மேஜர் லீக் வீரர்களை முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டு வந்த கியூபா, இரண்டு ஆட்டமும் தோற்று மூழ்கும் நிலையில் இருந்தது. பத்தாம் தேதி அது பனாமா மீது 13 ரன்களைக் குவித்து 13-4 என்று மீண்டது. அன்றே தைவான் இத்தாலியை 11-7 என்று வென்றது. பதினொன்றாம் தேதி பனாமா இத்தாலியை ரன்னே எடுக்கவிடாமல் 2-0 என்று வென்றது. தைவான் நெதர்லாந்தை 9-5 என்று சாய்த்தது. அந்த ஆட்டத்தில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க சாங் யூ-செங் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பினார். ஒரே அடியில் நான்கு ரன். இத்தாலிக்கு எதிராகவும் அவர் ஒரு ஹோம் ரன் அடித்திருந்தார். குழுவின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. கடைசி இடம் பிடித்த அணியின் வீரர் குழுவிலேயே சிறந்தவர் என்று தேர்வானதை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

ஐந்தும் 2-2 என்று முடிவது எவ்வளவு அரிது? பத்து ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்று வெல்லும். மொத்தம் 1,024 விதமாக முடிவுகள் அமையலாம். அவற்றில் ஐந்து அணிகளும் சரிசமமாக நிற்கும் விதங்கள் 24 மட்டுமே. எல்லா ஆட்டங்களும் நாணயம் சுண்டுவதைப் போல் என்று வைத்துக்கொண்டால்கூட, இப்படி ஒரு குழு வாய்ப்பது நூற்றுக்கு இரண்டேகால் சதவீதத்துக்குச் சற்றே மேல்.

இப்படிச் சமநிலை வந்தால் முதலில் பார்க்கப்படுவது, யார் யாரை நேருக்கு நேர் வென்றார்கள் என்பது. இங்கே அது உதவாது. நெதர்லாந்து கியூபாவை வென்றது, கியூபா தைவானை வென்றது, தைவான் நெதர்லாந்தை வென்றது. எந்த இடத்தில் தொடங்கினாலும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். எனவே இரண்டாவது விதிக்குப் போக வேண்டும். சமநிலையில் உள்ள அணிகளுக்கிடையேயான ஆட்டங்களில் ஓர் அணி விட்டுக்கொடுத்த ரன்களை, அது களத்தில் நின்று எடுத்த அவுட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஈவு குறைவாக உள்ள அணி மேலே. அதிலும் சமமானால் பீல்டிங் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு மீண்டும் வகுப்பார்கள், பிறகு பேட்டிங் சராசரி, அதற்கும் பிறகு குலுக்கல்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு நிகர ரன் விகிதம் தெரியும். எடுத்த ரன் விகிதத்திலிருந்து கொடுத்த ரன் விகிதத்தைக் கழிப்போம். பேஸ்பாலின் இந்த விதியில் கழித்தலே கிடையாது. நீங்கள் எத்தனை ரன் எடுத்தீர்கள் என்று அது கேட்பதே இல்லை. கொடுத்தது எவ்வளவு என்று மட்டும் கேட்கிறது. 13-4 என்ற வெற்றியும் 5-4 என்ற வெற்றியும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். 2-0 என்ற வெற்றி இரண்டையும்விட மேல்.

ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட முழு ஆட்டத்துக்கு 27. பின்னால் பேட் செய்யும் அணி முன்னிலையில் இருந்தால் கடைசி அரை இன்னிங்ஸ் ஆடப்படாது, அப்போது எதிரணிக்கு மூன்று அவுட் குறையும். கியூபா நான்கு ஆட்டங்களில் 15 ரன் கொடுத்து 108 அவுட் எடுத்திருந்தது: 0.139. இத்தாலி 17 ரன், அதே 108 அவுட்: 0.157. நெதர்லாந்து 19 ரன், 102 அவுட்: 0.186. பனாமா கொடுத்தது 21 ரன். தைவான் கொடுத்தது 31 ரன், எடுத்தது 105 அவுட்: 0.295. கியூபாவும் இத்தாலியும் டோக்கியோவில் நடந்த காலிறுதிக்குப் போயின.

அந்த இரவு ஆட்டத்துக்கு இந்த எண்கள் கொடுத்த முகத்தை எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்து அப்போது 2-1 என்ற நிலையில் இருந்தது. வென்றால் நேராகக் காலிறுதி. ஆனால் தோற்றாலும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. எப்படித் தோற்பது என்பது முக்கியம். முதலில் பேட் செய்த நெதர்லாந்து 1-4 என்று தோற்றிருந்தால் அதன் ஈவு 102இல் 16, அதாவது 0.1569. இத்தாலியின் ஈவு 108இல் 17, அதாவது 0.1574. தோற்ற நெதர்லாந்து காலிறுதிக்குப் போயிருக்கும், வென்ற இத்தாலி வீட்டுக்குப் போயிருக்கும். அதே நெதர்லாந்து 0-4 என்று தோற்றிருந்தால் இத்தாலி உள்ளே. தோற்கிற அணி ஆறுதலுக்காக எடுக்கும் ஒற்றை ரன் என்று நாம் சொல்வோமே, அந்த ஒரு ரன்னுக்கு இவ்வளவு எடை. இத்தாலி ஏழு ரன் எடுத்துவிட்டதால் அப்படி ஒரு நுனி மோதல் நிகழவில்லை.

தைவான் ரசிகர்களின் நிலை இன்னும் வேதனையானது. மதியம் தோற்றதோடு காலிறுதி போய்விட்டது. நெதர்லாந்து வென்றாலும் தோற்றாலும் கியூபாவைத் தாண்ட வழியில்லை. ஆனால் நெதர்லாந்து வென்றிருந்தால் இத்தாலி 1-3 என்று கடைசியாகியிருக்கும், தைவான் தகுதிச் சுற்றிலிருந்து தப்பியிருக்கும். முந்தைய இரவு சாங் யூ-செங் அடித்துச் சாய்த்த அதே அணி வெல்ல வேண்டும் என்று மறுநாள் இரவு காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது இன்னொரு எண்ணைச் சொல்கிறேன். ஐந்து அணிகளில் அதிக ரன் எடுத்தது எது? தைவான். 26 ரன். கியூபா 25, இத்தாலி 20, பனாமா 19, நெதர்லாந்து 13. அதாவது தைவான், நெதர்லாந்தைப்போல இரண்டு மடங்கு ரன் எடுத்திருந்தது. எடுத்ததையும் கொடுத்ததையும் கழித்துப் பார்த்தால் தைவானுக்கு மைனஸ் 5, நெதர்லாந்துக்கு மைனஸ் 6. ஆடிய இன்னிங்ஸ்களால் வகுத்துப் பார்த்தாலும் வரிசை மாறாது. கடைசி இடம் நெதர்லாந்துக்குப் போகும், தைவான் நான்காவதாகும். கியூபாவும் இத்தாலியும் எப்படிக் கணக்கிட்டாலும் முதல் இரண்டு இடங்களில்தான்.

இது நானாகக் கற்பனை செய்த விதி அல்ல. 2013இல் இதே போட்டி, இதே தைச்சுங் மைதானத்தில் அந்த விதிப்படிதான் நடந்தது. ஒரு இன்னிங்ஸுக்கு எடுத்த ரன்னிலிருந்து ஒரு இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்னைக் கழிக்கும் முறை. நம் நிகர ரன் விகிதத்தின் உடன்பிறப்பு. அந்த ஆண்டு தைவான், தென் கொரியா, நெதர்லாந்து மூன்றும் 2-1 என்று முடித்தன. நெதர்லாந்து கொரியாவை 5-0 என்றும், தைவான் நெதர்லாந்தை 8-3 என்றும், கொரியா தைவானை 3-2 என்றும் வென்றிருந்தன. கழித்தல் கணக்கில் தைவானுக்குப் பிளஸ் 4, நெதர்லாந்துக்குப் பூஜ்யம், கொரியாவுக்கு மைனஸ் 4. கடைசி ஆட்டத்தில் வென்ற கொரியா வெளியேறியது. அதற்கு முந்தைய உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்த அணி அது.

அந்த மூன்று ஆட்டங்களையும் 2023இன் விதியில் போட்டுப் பாருங்கள். தைவான் கொடுத்தது 6 ரன், கொரியா 7, நெதர்லாந்து 8. கொரியா உள்ளே போயிருக்கும், நெதர்லாந்து வெளியேறியிருக்கும். 2013இன் விதியால் வீழ்ந்த கொரியாவை 2023இன் விதி காப்பாற்றியிருக்கும். 2023இன் விதியால் வீழ்ந்த தைவானை 2013இன் விதி காப்பாற்றியிருக்கும். இரண்டு தடவையும் விதி யார் பக்கம் சாய்ந்தாலும், ஒருமுறை தப்பித்து ஒருமுறை மாட்டியிருக்க வேண்டிய அணி நெதர்லாந்து. அது காலிறுதிக்கு வராத 2023இலும் நேரடி இடத்தை இழக்காமல் கரையேறிவிட்டது.

கொடுத்த ரன்னை மட்டும் பார்க்கும் முறைக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரன் எடுப்பதையும் எண்ணினால், பலவீனமான அணியின் களைத்துப்போன பிட்சர் (பந்து வீசுபவர்) மீது ஏறி நின்று ரன் குவிப்பது லாபமாகிவிடும். 10-0 என்று முன்னிலையில் இருக்கும் அணி பதினோராவது ரன்னுக்கு ஓடுவதைப் பேஸ்பால் உலகம் அநாகரிகமாகப் பார்க்கிறது. மேலும் பின்னால் பேட் செய்யும் அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி ஆடப்படுவதே இல்லை. வெல்லும் அணிக்குப் பேட் செய்யும் வாய்ப்பே குறைகிறது. ஏழு இன்னிங்ஸுக்குப் பின் பத்து ரன் முன்னிலை, அல்லது ஐந்து இன்னிங்ஸுக்குப் பின் பதினைந்து ரன் முன்னிலை வந்தால் லீக் சுற்றில் ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள். இவ்வளவு காரணங்கள் இருக்கின்றன.

ஆனால் கொடுத்த ரன்னை மட்டும் எண்ணும் முறையிலும் வகுக்கும் எண் ஒன்று இருக்கிறது, அதில் விபத்துகள் நடக்கின்றன. 2006இன் முதல் போட்டியில் இரண்டாம் சுற்றில் அமெரிக்கா, ஜப்பான், மெக்சிகோ மூன்றும் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி என்று நின்றன. இந்த மூன்று அணிகளுக்கிடையேயான ஆட்டங்களில் அமெரிக்காவும் ஜப்பானும் தலா 5 ரன் கொடுத்திருந்தன. அமெரிக்கா ஜப்பானை வென்ற ஆட்டத்தில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஒன்பதாவது இன்னிங்ஸின் முடிவில், இரண்டு அவுட் ஆன பிறகு, வெற்றி ரன்னை அடித்தார். அந்த இரண்டு அவுட்கள் ஜப்பானின் கணக்கில் ஏறின. பிறகு அமெரிக்கா மெக்சிகோவிடம் 1-2 என்று தோற்றது. மெக்சிகோ பின்னால் பேட் செய்யும் அணியாக இருந்ததால் ஒன்பதாவது இன்னிங்ஸின் அடுத்த பாதி தேவைப்படவில்லை. முடிவில் ஜப்பானுக்கு 53 அவுட், அமெரிக்காவுக்கு 51. அந்த இரண்டு அவுட்களின் பலத்தில் ஜப்பான் அரையிறுதிக்குப் போய், இறுதியில் கியூபாவை 10-6 என்று வென்று முதல் சாம்பியன் ஆனது. அமெரிக்கா தன் சொந்த மண்ணிலேயே போட்டியிலிருந்து வெளியேறியது.

2017இல் மெக்சிகோவின் முறை. சொந்த மண்ணில் இத்தாலிக்கு எதிராக 9-5 என்று முன்னிலையில் இருந்த அது, கடைசி இன்னிங்ஸில் ஓர் அவுட்கூட எடுக்காமல் ஐந்து ரன் கொடுத்து 10-9 என்று தோற்றது. பிறகு வெனிசுவேலாவை 11-9 என்று வென்றது. மூன்று அணிகளும் 1-2. மெக்சிகோ 18 இன்னிங்ஸ் ஆடியதாக எண்ணினால் அது தப்பித்திருக்கும். ஆனால் அவுட் எடுக்காத இன்னிங்ஸ் கணக்கில் வராது என்று முடிவாயிற்று. 17 இன்னிங்ஸில் 19 ரன், 1.12. வெனிசுவேலாவுக்கு 19 இன்னிங்ஸில் 21 ரன், 1.11. மெக்சிகோ அதோடு வெளியே. அந்த இன்னிங்ஸில் பிட்சர் ஓர் ஆளையாவது வெளியேற்றியிருந்தால் கதை வேறு. இன்று விதி இன்னிங்ஸ் என்று சொல்லாமல் அவுட் என்றே சொல்வதால் எண்ணிக்கையில் சச்சரவுக்கு இடமில்லை.

இவற்றுக்கெல்லாம் மேல் எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்தப் போட்டி பிட்சர்களைப் பாதுகாக்கக் கடுமையான கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. மார்ச் மாதம் அவர்கள் கைகள் இன்னும் பருவத்துக்குத் தயாராகாத நேரம். அதனால் 2023இல் லீக் சுற்றில் ஒரு பிட்சர் ஓர் ஆட்டத்தில் 65 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது. 30 பந்துகள் வீசினால் ஒரு நாள் ஓய்வு, 50 வீசினால் நான்கு நாள். ஐந்து நாள் நீளும் லீக் சுற்றில் நான்கு நாள் ஓய்வு என்றால் கிட்டத்தட்ட அதோடு முடிந்தது. எனவே மேலாளர் செய்ய வேண்டியது தெளிவு: கைவிட்டுப் போன ஆட்டத்தில் நல்ல பிட்சர்களை எரிக்காமல் நாளைக்கு வைத்துக்கொள். ஆறு ரன் பின்தங்கியபின் கடைசி வரிசைப் பிட்சர்களை அனுப்பு, போனால் போகட்டும்.

சமநிலை விதியோ நேர் எதிராகப் பேசுகிறது: தோற்ற ஆட்டத்தின் கடைசி ரன் வரை நான் எண்ணுவேன். பிட்சர் விதி சேமிக்கச் சொல்கிறது, சமநிலை விதி செலவழிக்கச் சொல்கிறது. முதல் நாளிலேயே இந்த முரண்பாட்டுக்கு விடை தெரியாது, ஏனென்றால் நாலாவது நாள் யார் எங்கே நிற்பார்கள் என்று முதல் நாள் யாரும் சொல்ல முடியாது. தைவான் கொடுத்த 31 ரன்களில் 12 முதல் இரவே போய்விட்டன. அதை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அடுத்தடுத்து 7, 5, 7 என்று எல்லா ஆட்டத்திலும் கசிந்தது. பனாமாவைத் தாண்ட ஏறக்குறைய பத்து ரன் குறைவாகக் கொடுத்திருக்க வேண்டும். தைவானின் பிட்சிங் அந்த வாரம் பலவீனமாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் பேட்டிங் ஐந்து அணிகளிலும் பலமாக இருந்தது என்பதிலும் சந்தேகமில்லை. ஆட்டம் இரண்டும் சேர்ந்ததுதானே.

என் கருத்து இதுதான். காலிறுதியில் இடம் இரண்டுதான். ஐவரில் இருவரைத் தேர்ந்தெடுக்க ஏதாவது ஒரு விதி வேண்டும், அது சரியாக இருக்கிறதோ இல்லையோ ஆட்டத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தால் போதும். ஆனால் கடைசி அணியைக் கீழே இறக்குவது வேறு விஷயம். டோக்கியோவில் சீனாவும் மயாமியில் நிகராகுவாவும் நான்கு ஆட்டமும் தோற்றுக் கீழே போயின. தைவானோ இரண்டு ஆட்டம் வென்று, மற்ற நால்வருக்கும் சமமாக நின்று கீழே போனது. சீனா, நிகராகுவாவுடன் ஒரே வரிசையில் அதை நிறுத்தியது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கங்கள் மட்டுமே. ஒரு குழு முழுவதும் சமமாக முடிந்தால் அந்தக் குழுவிலிருந்து யாரையும் இறக்காமல் விடலாம். நூற்றுக்கு இரண்டு முறை நடக்கக்கூடிய ஒன்றுக்கு ஒரு வரி விதி எழுதுவது பெரிய பாரமல்ல.

அந்த ஒரு வரி இல்லாததால், 2024 நவம்பரில் டோக்கியோ டோமில் ஜப்பானை 4-0 என்று வீழ்த்தி பிரீமியர் 12 கோப்பையை வென்ற தைவான், மூன்றே மாதத்தில் தகுதிச் சுற்றில் நிற்க வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் தைபே டோமில் நடந்த அந்தச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அது ஸ்பெயினிடம் தோற்றது. ஸ்கோர் 12-5, தைச்சுங்கில் பனாமாவிடம் தோற்ற அதே ஸ்கோர். தென் ஆப்பிரிக்காவை 9-1 என்று வென்று, நிகராகுவாவிடம் 0-6 என்று தோற்று, எஞ்சியிருந்த ஒரே தகுதி இடத்துக்காக மீண்டும் ஸ்பெயினையே சந்தித்தது. இம்முறை எந்த ஈவும் வகுத்தலும் தேவைப்படவில்லை, வென்றவர் உள்ளே, தோற்றவர் வெளியே. பிப்ரவரி 25 இரவு தைவான் 6-3 என்று வென்றது.